ஓவர்லாக் ஊசியும் உலர் ஊசியும்

கேள்வி: எனக்கு வயது 44. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிறேன். பதினெட்டு வருடமாக இதே வேலை. முதுகு சாய வசதியில்லாத ஸ்டூல். வலது பக்கம் தரையில் இருக்கும் கூடையிலிருந்து குனிந்து குனிந்து துணி எடுக்க வேண்டும். எட்டு மாதமாக வலது கழுத்திலும் தோளிலும் வலி. மாலை நான்கு மணி ஆனால் காதுக்குப் பின்னால் ஏறி நெற்றிப்பொட்டில் வந்து நிற்கிறது. சில நாட்களில் கை கனக்கிறது, ஆனால் மரத்துப் போவதில்லை. ஸ்கேனில் கழுத்து ஜவ்வு விலகியிருப்பதாக வந்திருக்கிறது. வலி மாத்திரை போட்டால் அன்றைக்கு மட்டும் குறைகிறது. ஐந்து வருடமாகச் சர்க்கரை உண்டு, மாத்திரை சாப்பிடுகிறேன். ஒரு பிசியோதெரபிஸ்ட் "டிரை நீட்லிங் செய்தால் சரியாகும், 12 முறைக்குச் சேர்த்துக் கட்டினால் 8,000 ரூபாய்" என்கிறார். என் நாத்தனார் அழைத்துப்போன அக்குபங்சர் ஹீலரோ நாடி பார்த்துவிட்டு, "ஊசியே வேண்டாம், விரலால் தொட்டால் போதும், ஆனால் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட வேண்டும்" என்கிறார். இரண்டும் ஒன்றா, வேறு வேறா? ஊசி நுரையீரலில் குத்திவிடும் என்று கம்பெனியில் பயமுறுத்துகிறார்கள். இப்போதெல்லாம் நூல் கோக்கக்கூடப் பக்கத்து மெஷின் பெண்ணைத்தான் கூப்பிடுகிறேன், அவ்வளவு சோர்வு. என்ன செய்யட்டும்? ஊசி போட்ட அன்று தலைக்குக் குளிக்கலாமா?

பதில்:

அம்மா, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஏற்கெனவே நிறுத்தியிருந்தால், மேற்கொண்டு படிப்பதை விட்டுவிட்டு உங்கள் டாக்டரிடம் போய்ச் சர்க்கரை அளவைப் பார்த்து, அவர் சொல்கிறபடி மறுபடி தொடங்குங்கள். மற்றதை வந்து படித்துக்கொள்ளலாம்.

நான் மறுவாழ்வு மருத்துவத் துறையில் இருப்பவன். கோவையில் இருபது வருடத்துக்கும் மேலாக முதுகையும் கழுத்தையும் தோளையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நானே ஊசி போடுகிறவன்தான். அதனால் ஊசிக்கு எதிராக எனக்குச் சண்டை எதுவும் இல்லை. ஊசியை உங்கள் தலையில் கட்டும் எண்ணமும் இல்லை.

உங்கள் தொழிலிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பின்னலாடைக்கு நீங்கள் மாட்டும் பதினொன்றாம் நம்பர் ஊசியின் உறையில் 75/11 என்று அச்சிட்டிருக்கும். அந்த 75 என்பது ஊசித் தண்டின் பருமன், அதாவது முக்கால் மில்லிமீட்டர். நான் தோளில் போடும் ஊசி பெரும்பாலும் கால் மில்லிமீட்டர்தான். உங்கள் ஓவர்லாக் ஊசியில் மூன்றில் ஒரு பங்கு. உள்ளே துளை கிடையாது. எனவே மருந்து எதையும் ஏற்ற முடியாது. டிரை நீட்லிங், அதாவது "உலர் ஊசி" என்ற பெயர் அதனால்தான். ஜெர்சித் துணிக்குப் பால்பாயிண்ட் ஊசி போடுவீர்கள் அல்லவா? இழையை அறுக்காமல் ஒதுக்கிக்கொண்டு இறங்க வேண்டும் என்பதற்காக. இந்த ஊசியின் முனையும் ஏறக்குறைய அப்படித்தான். மருந்து ஏற்றும் ஊசிக்கு உள்ளது போன்ற சாய்வான வெட்டு முனை இதில் இல்லை. எனவே தோலில் இறங்குவதே பலருக்குத் தெரிவதில்லை. தசைக்குள் போன பிறகு தெரிவது வேறு விஷயம், அதற்குப் பிறகு வருகிறேன்.

அக்குபங்சருக்கும் டிரை நீட்லிங்குக்கும் ஊசி ஒன்று, வரைபடம் வேறு. சீன மரபு அக்குபங்சர் உடம்பில் ஓடும் ஆற்றல் பாதைகளையும் அவற்றின் மேல் உள்ள புள்ளிகளையும் கணக்கில் எடுக்கிறது. தோள் வலிக்குக் காலில்கூட ஊசி போடுவார்கள். ஊசியை இருபது நிமிடம், அரை மணி நேரம் அப்படியே விட்டுவைப்பதும் உண்டு. மருத்துவ அக்குபங்சர் என்று சொல்லிக்கொள்ளும் டாக்டர்கள் அதே ஊசியை, பல சமயம் அதே இடங்களில், நரம்பையும் தசையையும் காரணம் சொல்லிப் போடுகிறார்கள். டிரை நீட்லிங்கில் படம் எதுவும் வேண்டாம். விரலால் தடவிக்கொண்டே போய், தசைக்குள் கயிறு போலத் திரண்ட இடத்தைப் பிடித்து, அதிலுள்ள முடிச்சில் போடுவது அது. சில விநாடிகளில் முடிந்துவிடும்.

உங்கள் வலி எனக்குப் பழக்கமான வலி. ஆண்கள் தோளில் துண்டு போடும் இடம் இருக்கிறதே, கழுத்தடியிலிருந்து தோள் முனைக்குச் சரியும் அந்தத் தசையில் முடிச்சு விழுந்தால், வலி அங்கேயே நிற்காது. கழுத்தின் பக்கவாட்டில் ஏறி, காதைச் சுற்றி, நெற்றிப்பொட்டில் போய் உட்காரும். நீங்கள் புத்தகத்தைப் பார்த்து எழுதியது போல அப்படியே எழுதியிருக்கிறீர்கள். கை கனப்பது தோள்பட்டை எலும்பின் மேல் படர்ந்துள்ள தசையிலிருந்து இறங்கும் வலியாக இருக்கலாம். தொட்டுப் பார்க்காமல் இதற்கு மேல் சொல்வது ஜோசியம்.

இந்த வலி ஓட்டங்களைப் பல ஆண்டுகள் உட்கார்ந்து படமாக வரைந்து வைத்தவர் ஜேனட் டிராவெல் என்ற அமெரிக்க மருத்துவர். முதுகுவலியால் அவதிப்பட்ட ஜான் கென்னடிக்கு 1955 முதல் சிகிச்சை அளித்தவர். 1961இல் கென்னடி ஜனாதிபதியானதும் டிராவெல் வெள்ளை மாளிகை மருத்துவரானார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் அவர்தான். டிராவெல் போட்டது உலர் ஊசி அல்ல, மரத்துப்போகும் மருந்து ஏற்றிய ஊசி. ஆனால் எனக்கு அவரிடம் பிடித்தது ஊசி இல்லை. கென்னடியின் கால்களில் நீள வித்தியாசம் இருப்பதைக் கண்டு, செருப்பின் குதிகாலை உயர்த்த வைத்தார். ஆடும் நாற்காலியில் உட்காரச் சொன்னார். உலகத்துக்கே கென்னடியின் அடையாளமாகிப்போன அந்த நாற்காலி ஒரு டாக்டரின் மருந்துச் சீட்டு. ஊசி போட்ட கையே நாற்காலியையும் எழுதிக்கொடுத்தது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஸ்டூலுக்கு வரும்போது தேவைப்படும்.

மருந்தே இல்லாமல் வெறும் ஊசி குத்தினாலும் வலி போகிறது என்று பிராகாவில் இருந்த காரல் லெவிட் என்ற மருத்துவர் 1979இல் எழுதினார். 241 நோயாளிகள், 312 வலி இடங்கள். சரியான இடத்தில் ஊசி இறங்கியபோது சுமார் 87 சதவீத இடங்களில் வலி உடனே அடங்கியது. விளம்பரம் செய்கிறவர்கள் இந்த எண்ணோடு நிறுத்திக்கொள்வார்கள். அதே கட்டுரையில் இன்னொரு கணக்கும் உண்டு: பிறகு பின்தொடர்ந்து பார்த்த 288 இடங்களில் நிலையான நிவாரணம் கிடைத்தது 92இல்தான். மற்றவற்றில் பெரும்பாலானவற்றில் சில மாதம், சில வாரம், சில நாள்தான். ஒப்பிட்டுப் பார்க்க ஊசி போடாத இன்னொரு குழுவும் அந்த ஆய்வில் இல்லை. ஆனாலும், ஊசி போட்ட பிறகு எத்தனை பேருக்கு வலி திரும்பி வருகிறது என்று என் அனுபவத்தில் கேட்டால், லெவிட் சொன்ன கணக்குக்குப் பக்கத்தில்தான் நானும் நிற்பேன்.

இதிலும் முந்தியவர் ஒருவர் உண்டு. நவீன மருத்துவக் கல்வியின் பிதாமகர்களில் ஒருவரான வில்லியம் ஆஸ்லர் 1892இல் வெளியிட்ட பாடநூலில், இடுப்புப் பிடிப்புக்கு ஊசி குத்தச் சொல்கிறார். எந்த ஊசி? பெண்கள் தொப்பியில் செருகும் ஊசியைக் கிருமி நீக்கிப் பயன்படுத்தினால் போதுமாம். நீங்கள் இதை வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம்.

ஊசி உண்மையிலேயே வேலை செய்கிறதா, மனப்பிரமையா என்று யாராவது உங்களைக் கேட்டால், இரண்டும் என்பதுதான் நேர்மையான பதில். ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்புவலி உள்ள 1,162 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு முறையான அக்குபங்சர். இன்னொரு குழுவுக்குப் புள்ளி அல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்திய போலி அக்குபங்சர். மூன்றாவது குழுவுக்கு மாத்திரை, பிசியோதெரபி, உடற்பயிற்சி என்று வழக்கமான சிகிச்சை. ஆறு மாதம் கழித்துக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டவர்கள் முறையே 47.6, 44.2, 27.4 சதவீதம். 2007இல் வந்த முடிவு இது. முறையான ஊசியும் போலி ஊசியும் கிட்டத்தட்ட சமம். இரண்டுமே வழக்கமான சிகிச்சையைவிட மேல். இதைப் பார்த்துவிட்டுச் சிலர் "பார்த்தீர்களா, வெறும் ஏமாற்று" என்றார்கள். வேறு சிலர் "பார்த்தீர்களா, மாத்திரையை ஜெயித்துவிட்டது" என்றார்கள். எனக்கு இரண்டு கூச்சலும் பிடிக்கவில்லை. புள்ளி ஒரு விரல்கடை தள்ளிப்போனால் குடி முழுகிவிடாது என்பதும், ஒருவர் அரை மணி நேரம் அக்கறையோடு தொட்டுக் கவனிப்பதே பாதி மருந்து என்பதும்தான் நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டது. 20,827 பேரின் விவரங்களை ஒன்றுசேர்த்து 2018இல் வந்த பெரிய ஆய்வில் முறையான ஊசிக்குப் போலி ஊசியைவிடச் சற்றே கூடுதல் பலன் தெரிந்தது. கிடைத்த பலனில் பெரும்பகுதி ஓராண்டுக்குப் பிறகும் இருந்தது. ஆக, ஒன்றுமில்லை என்றும் சொல்ல முடியாது, அற்புதம் என்றும் சொல்ல முடியாது.

இப்போது ஹீலர். விரலால் தொடுவதால் உங்களுக்குத் தீங்கு வராது. யாரோ பரிவாகப் பேசி, கையைப் பிடித்து, தொட்டு அனுப்பினால் மனம் லேசாகத்தான் செய்யும். அதற்காக நாத்தனாரோடு சண்டை வேண்டாம். என் சண்டை அந்த இரண்டாவது வரியோடு. மாத்திரையை நிறுத்து, பரிசோதனை செய்யாதே, காய்ச்சல் வந்தால் கழிவு வெளியேறுகிறது என்று சந்தோஷப்படு என்ற பேச்சு அக்குபங்சரில் சேர்ந்தது அல்ல. ஜெர்மனியில் ஊசி போடும் டாக்டரும் சீனாவில் ஊசி போடும் டாக்டரும் சர்க்கரை நோயாளியின் மாத்திரையை நிறுத்துவதில்லை. நம் நாட்டுக்கு அக்குபங்சரைக் கொண்டுவந்தவர் யார் தெரியுமா? 1938இல் சீனாவுக்குப் போன இந்திய மருத்துவக் குழுவில் கோட்னிஸுடன் சென்ற பி. கே. பாசு. அவர் ஆங்கில மருத்துவம் படித்த டாக்டர். 1950களின் இறுதியில் மறுபடி சீனாவுக்குப் போய் இந்தக் கலையைக் கற்று வந்து கல்கத்தாவில் சிகிச்சை அளித்தார். ஒன்றைக் கற்க இன்னொன்றைத் தூக்கி எறிய வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. உங்கள் விஷயத்தில் இன்னொரு முரண்பாடும் இருக்கிறது: சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் தோள் மூட்டைச் சுற்றியுள்ள உறை இறுகிப்போகலாம். தோள்வலிக்காக மாத்திரையை நிறுத்துவது, ஓட்டைப் படகில் இன்னொரு ஓட்டை போட்டுத் தண்ணீரை வெளியேற்றுவது மாதிரி.

அந்த இறுக்கம் ஏற்கெனவே வந்திருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். வலது கையால் தலைக்குப் பின்னால் கொண்டை போட முடிகிறதா? கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் உள்ளாடைக் கொக்கியைத் தொட முடிகிறதா? வலித்தாலும் கை போய்ச் சேர்ந்தால் தசைப் பிரச்சினையாக இருக்க வாய்ப்பு அதிகம். கதவு பூட்டியதுபோல் ஓர் இடத்தில் நின்றுவிட்டால், வேறொருவர் தூக்கினாலும் நகராவிட்டால், அது தோள் உறைவு. அதற்கு உலர் ஊசி முதல் மருந்து அல்ல. வேறு வழி பார்க்க வேண்டும்.

ஸ்கேனைப் பற்றியும் ஒரு வார்த்தை. "ஜவ்வு விலகிவிட்டது" என்ற இரண்டு சொல் நம் ஊரில் எத்தனை பேரின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது! ஜப்பானில் கழுத்துவலி எதுவுமே இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 87.6 சதவீதம் பேருக்கு ஜவ்வு பிதுங்கியிருந்தது. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு அது நரைமுடி போல. உங்கள் கை மரக்கவில்லை என்று எழுதியிருப்பது, ஸ்கேன் தாளைவிட எனக்கு முக்கியம். ஆனால் கத்தரி கையிலிருந்து நழுவுகிறது, விரலில் உணர்ச்சி குறைகிறது, நடை தள்ளாடுகிறது, சிறுநீர் கட்டுப்படவில்லை என்று எது வந்தாலும் ஊசி போடுகிறவரிடம் போகாமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

இதயத்தையும் மறக்கக் கூடாது. பல வருடங்களுக்கு முன் ஒருவரை, தோளில் முடிச்சு என்று சொல்லி ஊசி போட என்னிடம் அனுப்பினார்கள். முடிச்சும் இருந்தது, அழுத்தினால் வலிக்கவும் செய்தது. கிளம்பும்போது, "உங்கள் கிளினிக் மாடிப்படி ஏறியதும்தான் இன்று ரொம்ப வலித்தது, உட்கார்ந்ததும் போய்விட்டது" என்று போகிற போக்கில் சொன்னார். ஊசியை எடுத்து வைத்துவிட்டு ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னேன். வலி தோளில் இருந்தது, கோளாறு இதயத்தில். சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலியாகவே வர வேண்டும் என்பதில்லை. நடந்தால் வருகிற, நின்றால் போகிற, வியர்வையோடு வருகிற தோள்வலிக்கு யாரும் ஊசி குத்தக் கூடாது.

எட்டு மாதமாக வலி மாத்திரை சாப்பிடுகிறீர்கள். சர்க்கரையும் வலி மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகம் பாவம். இரத்தத்தில் கிரியாட்டினினை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தால், உலர் ஊசியை முயற்சி செய்து பார்க்கலாம் என்பதே என் யோசனை. ஆனால் 8,000 ரூபாயை முன்கூட்டிக் கட்டாதீர்கள். பன்னிரண்டு முறை தேவைப்படும் என்பது, உங்கள் தோளில் ஒரு ஊசிகூட இறங்குவதற்கு முன் அவருக்கு எப்படித் தெரியும்? பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல் தரும் நைஸ் அமைப்பு 2016இல் இடுப்புவலிக்கு அக்குபங்சர் வேண்டாம் என்றது. 2021இல், காரணம் தெளிவாகப் பிடிபடாத நாள்பட்ட வலிக்கு அக்குபங்சரோ உலர் ஊசியோ ஒரு சுற்று மட்டும் பார்க்கலாம், மொத்தம் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்றது. ஒரே அமைப்பு, இரண்டு விதப் பேச்சு. அதற்குள்ளும் ஓர் உச்சவரம்பு. நானாக இருந்தால் வாரம் ஒன்று என்று நான்கு முறை பார்ப்பேன். ஒவ்வொரு முறைக்கும் அன்றன்றைக்குக் காசு.

பலன் தெரிகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? "இப்போது எப்படி இருக்கிறது?" என்று அவர் கேட்டால் நாம் மரியாதைக்காக "பரவாயில்லை" என்றுதான் சொல்வோம். எனவே காலண்டரில் தினமும் இரண்டு விஷயம் எழுதுங்கள். நெற்றிப்பொட்டுக்கு வலி ஏறிய நேரம் ஒன்று, அன்று வலி மாத்திரை போட்டீர்களா என்பது மற்றொன்று. இப்போது நான்கு மணிக்கு ஏறுகிறது. நான்கு வாரம் கழித்து அது ஏழு மணிக்குத் தள்ளிப்போயிருந்தால், மாத்திரை வாரத்துக்கு ஒன்றிரண்டாகக் குறைந்திருந்தால், இன்னும் இரண்டு மூன்று முறை போடலாம். அதே நான்கு மணியாகவே நின்றால் நன்றி சொல்லிவிட்டு நிறுத்திவிடுங்கள். நான்காவது ஊசி செய்யாததை நாற்பதாவது ஊசி செய்யாது.

நுரையீரல் பயத்தை நான் சிரித்துத் தள்ள மாட்டேன். உங்கள் தோழிகள் சொல்வது கட்டுக்கதை அல்ல. நுரையீரலின் உச்சி காறை எலும்புக்கு மேலேயே இரண்டு மூன்று சென்டிமீட்டர் எட்டிப்பார்க்கிறது. துண்டு போடும் இடத்தில் நேர்கீழாக ஆழமாகக் குத்தினால் அதில் படலாம், காற்று கசிந்து நுரையீரல் சுருங்கலாம். ஜெர்மனியில் அக்குபங்சர் செய்துகொண்ட 2,29,230 பேரைக் கணக்கெடுத்ததில் அப்படி நடந்தது இரண்டு பேருக்கு. அபூர்வம்தான். ஆனால் அங்கே ஊசி போட்டவர்கள் பயிற்சி பெற்ற டாக்டர்கள். இரண்டு நாள் பயிலரங்கில் சான்றிதழ் வாங்கியவர் கையில் அதே எண் நிற்கும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

எனவே அவர் கையைப் பாருங்கள். தோள் சதையைக் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவில் கிள்ளியெடுத்து, உடம்பை விட்டு மேலே தூக்கி, அந்தக் கிள்ளலுக்குள்ளேயே ஊசியை இறக்குகிறாரா? அவர் தெரிந்தவர். கிள்ளாமல் மேலிருந்து நெஞ்சை நோக்கிச் செங்குத்தாக இறக்க வந்தால், "கொஞ்சம் இருங்கள்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஊசி உறையை உங்கள் கண்முன் பிரிக்க வேண்டும். முடிந்ததும் அது மூடியுள்ள வெள்ளைக் கொள்கலனுக்குள் போக வேண்டும், அடுத்த வாரம் உங்களுக்கே போடலாம் என்று டப்பாவில் எடுத்து வைக்கக் கூடாது. பட்டப்படிப்பு என்ன, உலர் ஊசிக்குத் தனிப் பயிற்சி எங்கே, எத்தனை நாள் என்று கேளுங்கள். கோபப்படாமல் பதில் சொல்கிறவர் நல்லவர். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் நீங்களாகவே முதலில் சொல்லிவிடுங்கள். ஊசி போட்ட அன்றோ மறுநாளோ மூச்சு வாங்கினாலும், மூச்சு இழுக்கையில் நெஞ்சில் சுரீர் என்றாலும், அது "ஊசி வேலை செய்கிறது" என்பதற்கான அடையாளம் அல்ல. உடனே அவசரப் பிரிவுக்குப் போய் எக்ஸ்ரே எடுங்கள்.

செலவைக் குறைக்க வழி உண்டு. ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் பிசியோதெரபிக்கு அங்கேயே எழுதிக் கேளுங்கள். அரசு மருத்துவமனைகள் பலவற்றில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கிறது. அங்குள்ள மருத்துவர்களின் ஐந்தரை ஆண்டுப் பட்டப்படிப்பில் அக்குபங்சரும் ஒரு பாடம். வெளியில் பலகை மாட்டியிருப்பவரைவிட அங்கே போவது எனக்கு நிம்மதி.

ஊசி போடும் அன்று சாப்பிடாமல் போகாதீர்கள். பயிற்சிக் காலத்தில், யார் முதலில் போட்டுக்கொள்கிறீர்கள் என்று ஆசிரியர் கேட்டதும் வீறாப்பாகப் போய் உட்கார்ந்தவன் நான். காலையில் வெறும் காபி. ஊசி இறங்கி முடிச்சைத் தொட்டதும், தண்ணீரிலிருந்து எடுத்த கெண்டை மீன் வாலடிப்பதுபோலத் தசை ஒரு துள்ளு துள்ளியது. அதோடு காதுக்குப் பின்னால் ஓர் உளைச்சல், எனக்குப் பழக்கமான அதே உளைச்சல். அட, நம் தலைவலி இங்கிருந்துதானா வந்தது என்று வியந்தது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது, நான் தரையில் கிடக்க யாரோ என் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து என்னிடம் வருகிறவர்களைப் படுக்கவைத்துத்தான் ஊசி போடுகிறேன். நீங்களும் படுத்துக்கொண்டே போட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் போனால் மயக்கத்துக்கு இரண்டு காரணம் ஆகிவிடும்.

அந்தத் துள்ளலைக் கண்டு பயப்படாதீர்கள். முடிச்சில் ஊசி பட்டதற்கு அதுதான் அடையாளம். அன்று இரவும் மறுநாளும் அந்த இடம், முதல் நாள் நாற்று நட்டவர் தொடை போல வலிக்கும். சிறு கன்றல் வரலாம். அயர்லாந்தில் பிசியோதெரபிஸ்ட்கள் செய்த 7,629 உலர் ஊசிச் சிகிச்சைகளைப் பதிவு செய்து பார்த்தபோது ஐந்தில் ஒன்றில் இப்படி ஏதாவது சில்லறைத் தொல்லை இருந்தது. பெரிதாக எதுவும் இல்லை.

இனி ஸ்டூல். ஊசி போட்ட பிறகு உங்களுக்குக் கிடைப்பது சில நாள் அவகாசம். அந்த நாட்களில் தோள் எளிதாக அசையும். அதே ஸ்டூலில் அதே மாதிரி உட்கார்ந்தால் முடிச்சு திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும், நீங்கள் மறுபடி காசோடு கிளம்புவீர்கள். "மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள்" என்று எழுதிவிடலாம். பீஸ் ரேட்டில் தைக்கிறவரிடம் அதைச் சொல்ல எனக்குக் கூச்சம். எனவே நேரத்தைத் தின்னாத இரண்டு விஷயம். ஒரு கட்டு முடிந்து அடுத்த கட்டு எடுக்கும்போது, தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் பின்னால் ஒன்றோடொன்று சேர்ப்பதுபோல ஐந்து முறை இறுக்கி விடுங்கள். தாடையைக் கீழே குனியாமல் நேராகப் பின்னுக்கு இழுத்து ஐந்து முறை விடுங்கள். அரை நிமிடம்கூட ஆகாது. அடுத்தது அந்தக் கூடை. ஒரு நாளைக்கு எத்தனை நூறு முறை வலது பக்கம் குனிகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். கூடையின் கீழ் ஒரு பழைய பெட்டியைக் கவிழ்த்து வைத்து, மெஷின் மேஜை உயரத்துக்குத் தூக்கிவிடுங்கள். சூப்பர்வைசர் கேட்டால், கட்டு சீக்கிரம் முடியும் என்று சொல்லுங்கள். பொய் இல்லை, முடியும்.

ஊசிக்கும் கூடைக்கும் முன்னால் நான் கவனித்தது வேறு. நூல் கோக்கப் பக்கத்துப் பெண்ணைக் கூப்பிடுவதாக எழுதி, அதைச் சோர்வு என்று சொல்லிவிட்டீர்கள். அம்மா, 44 வயதில் ஊசிக்காது தெரியவில்லை என்றால் அதற்குப் பெயர் வெள்ளெழுத்து. தையல் தடத்தைப் பார்க்க நீங்கள் கழுத்தை நீட்டி முன்னால் குனிந்துகொண்டே இருக்கிறீர்கள். தலையின் பாரம் முழுவதையும் பின்னாலிருந்து பிடித்து இழுத்துக்கொண்டிருப்பது அந்தத் துண்டு போடும் தசைதான். எட்டு மாதமாக வலி என்கிறீர்கள். நூல் கோக்க முடியாமல் போனது எப்போதிலிருந்து என்று யோசித்துப் பாருங்கள்.

முதல் செலவாகக் கண் டாக்டரிடம் போங்கள். சர்க்கரை இருப்பதால் விழித்திரையையும் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடி மாற்றும் அளவு சர்க்கரை ஏறியிறங்குகிறதா என்பதையும் அவர் சொல்வார். தைக்கும் தூரத்தை டேப்பால் அளந்து, சென்டிமீட்டரில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். அந்தத் தூரத்துக்கு மட்டும் ஒரு தனிக் கண்ணாடி வேண்டும் என்று கேளுங்கள். மேலே தூரப்பார்வை, கீழே கிட்டப்பார்வை என்று இரண்டும் சேர்ந்த கண்ணாடியை மெஷினில் போட்டால், கீழ்ப்பாதி வழியாகப் பார்க்கத் தலையை அண்ணாந்து, கழுத்துக்கு வேறொரு வலியைக் கூட்டிக்கொள்வீர்கள். கண்ணாடி போட்டு மூன்று வாரம் காலண்டரில் நேரத்தைக் குறித்துப் பாருங்கள். நான்கு மணி தானாகவே தள்ளிப்போனால், ஊசிக்கே வேலை இல்லாமலும் போகலாம். என் தொழிலுக்கு நஷ்டம்தான், பரவாயில்லை.

தலைக்குக் குளிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. ஊசி போட்டு இரண்டு மணி நேரம் போகட்டும், அவ்வளவுதான். அந்தத் துளை உங்கள் பால்பாயிண்ட் ஊசி ஜெர்சியில் விடும் துளையைவிடச் சிறியது. வெதுவெதுப்பான தண்ணீரைத் தோளில் நின்று ஊற்றினால் அந்த வலிக்கு இதமாகவே இருக்கும். எண்ணெய் தேய்த்துவிடுகிறேன் என்று வந்து, சுளுக்கெடுப்பதாகச் சொல்லி யாராவது தலையைப் பிடித்துக் கழுத்தைச் சொடக்கப் பார்த்தால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள்.